தொட்டில் யாருடையது

“இதை யாருக்காவது குடுத்துடலாமாங்க?” என்று அன்றைக்குக் கேட்டவள் அவள்தான்.

“குடுக்கறதா? நல்லா கேட்ட போ,” என்றான் கணவன். தொட்டிலின் கால்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். வாயில் ஒரு துண்டுக் கயிறு. “மாசக் கணக்கா உக்காந்து இழைச்சு இழைச்சு செஞ்சிருக்கேன். எவன் வீட்டுப் புள்ளையோ காலை ஆட்டிக்கிட்டு தூங்கறதுக்கா?”

“அப்ப இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கட்டுங்கிறீங்களா?”

“ஏன் கிடக்கணும்? அடுத்த ஆளுக்கு ஆகும்ல?”

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வாயிலிருந்த கயிறு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போது மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. தொட்டிலுக்கு வெளியே கால் நீட்டத் தொடங்கி, பெரிய கட்டிலுக்குக் குடியேறிவிட்டாள். தொட்டில் பரணுக்குக் குடியேறியது.

இப்போது மகளுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சு ஒரு சொல் மாறாமல் தாய்க்காரி மனதில் இருந்தது. பரணைத் துடைக்க ஏறும்போதெல்லாம், தொட்டிலை மூடியிருந்த முயல் படம் போட்ட போர்வைக்கு மேலே கை வைத்துப் பார்ப்பாள். பூச்சி உருண்டை கரைந்திருந்தால் புதிதாகப் போடுவாள். “என்னம்மா அது?” என்று கீழே நின்று வாண்டு கேட்பாள். “பாப்பாவுக்கு வச்சிருக்கு” என்பாள். எந்தப் பாப்பா என்று குழந்தை கேட்டதில்லை. கணவனும் கேட்டதில்லை.

அவள் நேராகக் கேட்கவில்லை என்பதும் உண்மை. எல்லாம் சாடைமாடைதான். யாருடைய குழந்தையையாவது தூக்கிக் கொஞ்சும்போது ஓரக்கண்ணால் அவனைப் பார்ப்பாள். “வாண்டு தனியாவே விளையாடுறா பாருங்க” என்பாள். “அதுக்கென்ன, நான் எதுக்கு இருக்கேன்?” என்று சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு மகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவான். “இந்த வருஷம் சைட்டுல வேலை அதிகம்” என்பான். “அடுத்த வருஷம் கொஞ்சம் மூச்சு விடலாம்” என்பான். பயமா, சலிப்பா, வேறு கணக்கா, அவளுக்குத் தெரியாது. அவன் பிடி கொடுத்துப் பேசினால்தானே தெரியும். வாய்விட்டுக் கேட்டால், அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை பழுதாகிவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பொறுத்துக்கொண்டிருந்தாள். சொன்னவனுக்கு மறந்தாலும் தொட்டிலுக்கு மறக்காது என்று ஓர் அசட்டுத் தைரியம்.

மறக்கக்கூடிய தொட்டிலும் இல்லை அது. அவன் லிஃப்ட் மெக்கானிக். தொட்டில் ஆடுகிற இடத்தில், கழித்துப்போட்ட லிஃப்ட் கதவு ஒன்றின் பேரிங்கைப் பொருத்தியிருந்தான். ஒரு விரலால் தள்ளினால் போதும். முக்காமல் முனகாமல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பார்க்க வந்தவர்கள் குழந்தையை விட்டுவிட்டுத் தொட்டிலைக் கொஞ்சினார்கள்.

அப்படிப்பட்டவன் கொடுக்கப் பழகிய கதையே தனி. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் என்று அவன் அக்காவே அவனைச் சொல்வாள். அவனை மாற்றியது வாண்டு. ஐந்து வயதில் ஒரு மழை நாள் பள்ளிவிட்டு முழுக்க நனைந்து வந்து நின்றாள். மழைக்கோட்டு எங்கே என்றால், பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். “புதுக் கோட்டுடி அது” என்று அவன் குதித்தான். “அவகிட்ட இல்லப்பா. என்கிட்ட இருந்துச்சு,” என்றாள் வாண்டு. அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையைத் துவட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அந்த வீட்டில் கொடுக்கிற ஞாயிறு ஆயிற்று. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக் கூடத்தில் வைக்க வேண்டும். சட்டம் போட்டது வாண்டு. தன் பொருளைத்தான் கொடுக்கலாம், அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது. தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் மாதம் அவன் வைத்தது ஒரு பழைய பெல்ட்.

வாண்டு அதைத் தூக்கிப் பார்த்தாள். “கொக்கி எங்க?”

“அது விழுந்து ரொம்ப நாளாச்சு.”

“இதை நீங்க போடுவீங்களா?”

“நான் எதுக்கு அதைப் போடறேன்?”

“அப்ப இது குப்பைப்பா. வேற எடுத்துட்டு வாங்க.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து மனைவி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். ஆனால் இரண்டாவது தடவை அவன் கொண்டுவந்தது கம்பளிச் சட்டை, தானே ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அவனுக்குக் கை தளர்ந்தது. சைட்டில் சிமெண்ட் சுமக்கிறவருக்குத் தன் பூட்ஸைக் கொடுத்துவிட்டுச் செருப்போடு வந்தான். அவளும் சளைக்கவில்லை. தோளில் மாட்டினால் மாட்டினபடியே இருக்கும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்ல கைப்பையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வருகிற ஞாயிறுகளில் மூன்று பேரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். வீட்டில் இடம் கூடியதுபோல இருக்கும். அவன்மேல் அவளுக்கு மறுபடி ஒரு காதல் வந்தது என்றுகூடச் சொல்லலாம். இவ்வளவு கொடுக்கிறவன் தனக்குக் கொடுக்க வேண்டியதையும் ஒரு நாள் கொடுப்பான் என்று நம்பினாள்.

இந்த மாதம் முதல் ஞாயிறு அவளுக்குக் கடையில் வேலை இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி ராவிப் பொருத்துகிற வேலை. சாயங்காலம் திரும்பி வரும்போது, குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேன் அறைக்கதவு திறந்திருந்தது. வாட்ச்மேனின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனாள்.

“வாங்கக்கா. இப்பதான் உங்களை நெனச்சேன். உங்களுக்கு நூறு ஆயுசு,” என்றாள் அந்தப் பெண்.

அறை அகலமே ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தொட்டில் நின்றது. முதலில் அவளுக்கு அது தன் வீட்டுத் தொட்டில் என்று உறைக்கவில்லை. எங்கேயோ பார்த்த முகம் யார் என்று தெரியாமல் தவிக்கிறதுபோல ஒரு நொடி தவித்தாள். பிறகு பக்கக் கட்டையில் வாண்டு பல் முளைக்கும்போது கடித்த தழும்பைப் பார்த்தாள்.

“அட்டைப் பெட்டியிலதான் போட்டிருந்தேன். வெயில்ல போட்ட புழுவா நெளிவான். இதுல போட்டதும் பாருங்க, ராசா கணக்கா தூங்கறான். உங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் தூக்கிட்டு வந்து அவங்களே பூட்டிக் குடுத்தாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன் அக்கா. சார்தான், ‘மேல சும்மா கிடக்கு, எங்களுக்கு இனிமே எதுக்கு’ன்னாரு.”

அவள் குனிந்து குழந்தையைப் பார்ப்பதுபோலத் தொட்டிலைப் பிடித்தாள். விரலில் பிசுபிசுப்பு. பேரிங்குக்குப் புதிதாக க்ரீஸ் வைத்திருந்தது. பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு, வழியாமல், அளவாக. அவசரத்தில் செய்த வேலை இல்லை அது. கீழே இறக்கி, துடைத்து, க்ரீஸ் வைத்து, பூட்டிச் சரிபார்த்திருக்கிறான். அத்தனை நேரமும் அவன் சட்டைப்பையில் போன் இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது மாடி வீட்டு டீச்சரம்மா வழிமறித்தார். “கேள்விப்பட்டேன். என் கண்ணே பட்டுடும் போல. எட்டு வயசுல இந்தக் குணம் யாருக்கு வரும்? பெத்தா இப்படி ஒண்ணு பெத்தா போதும்மா.”

“ஆமாம் டீச்சர்,” என்று சிரித்தாள்.

வீட்டில் அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் வேலைக்குப் போகிற ஞாயிறுகளில் சாயங்காலச் சமையல் அவனுடையது.

“பாத்தியா?” என்றான், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாத்தேன்.”

“பையன் எப்படித் தூங்கறான் பாத்தியா?”

“க்ரீஸ் வச்சிருக்கீங்க.”

“பின்ன, கிறீச்சு கிறீச்சுன்னு ஆடினா நல்லாவா இருக்கும்?”

அவள் பையை மாட்டினாள். கையைக் கழுவினாள். சோப்புப் போட்டும் க்ரீஸ் போகவில்லை. “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்,” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை. கடையில கூட்டமா இருக்கும்னு விட்டுட்டேன்.” பிறகு குரலை இறக்கினான். “வாண்டு வந்து நின்ன நிலையில நிக்கறா. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? அந்த மூஞ்சியைப் பாத்து முடியாதுன்னு சொல்ல வாய் வருமா?”

வாண்டு வாசல்படியில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பரண் தூசி இன்னும் அவள் புருவத்தில் இருந்தது.

“நல்ல காரியம் பண்ணியிருக்கடா செல்லம்,” என்றாள் அவள். வேறு என்ன சொல்ல முடியும்? பிறந்த குழந்தைக்குப் படுக்க இடம் கொடுத்ததைக் குறை சொன்னால், ஊரில் அவளைவிடக் கல்நெஞ்சக்காரி யாரும் இருக்க மாட்டாள். அழுதால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொல்ல அவளிடம் ஒரு பரண் மூலையும் ஒரு பழைய பேச்சும்தான் இருந்தன.

சாப்பிட்டு முடிக்கும்போது அவள் பாதி சமாதானமாகியிருந்தாள். குழந்தை கேட்டால் அவளாலும்தான் மறுத்திருக்க முடியாது. கொடுக்கிறவர்கள் கையைத் தடுக்கக்கூடாது. தொட்டில் போனால் என்ன, வேறொன்று செய்யத் தெரியாதவனா? அடுத்த ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாண்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

“அம்மா, தொட்டில் குடுத்தது உங்களுக்குப் பிடிக்கலையா?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நேத்து நீங்க சிரிச்சீங்க. ஆனா பல்லு மட்டும்தான் சிரிச்சுச்சு.”

“சீ, போடி. நல்லதுதானே பண்ணின.”

“நான் போர்வைதாம்மா கேட்டேன்,” என்றாள் வாண்டு. “என் முயல் போட்ட போர்வை. அது மட்டும் எடுத்துக் குடுங்கன்னேன். அப்பா ஏணியில ஏறினாங்க. ரொம்ப நேரம் மேலேயே உக்காந்திருந்தாங்க. அப்புறம், தொட்டிலையே குடுத்துடலாம்டான்னாங்க.”

சீப்பு பாதி முடியில் நின்றது.

“நான் வேணாம்னேன் அம்மா. அது பாப்பாவோடதாச்சே, நீங்கதானே சொல்வீங்க. அடுத்தவங்களோடதைக் குடுக்கக்கூடாது, நம்ம ரூல் இருக்குல்ல? அதுக்கு அப்பா, அந்தப் பாப்பா வராதுடா, அதனால அது யாரோடதும் இல்லன்னாங்க.” வாண்டு கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் குரல் சுருங்கியது. “அம்மாகிட்ட நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாதன்னும் சொன்னாங்க. நான் சொல்லிட்டேனா இப்ப?”

“இல்லடா. நீ ஒண்ணும் தப்பா சொல்லல.”

“நிஜமாவே வராதாம்மா?”

“தலையைக் குனி. வகிடு கோணுது.”

பின்னலைப் போட்டு முடித்தாள். ரிப்பனைக் கட்டினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். கையும் காலும் அவை பாட்டுக்கு வேலை செய்தன. அவளுக்குச் சொல்லாததை எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்லியிருக்கிறான். ஏணியின் உச்சியில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்துவிட்டு, அதை இறக்கிக் குழந்தையின் கையில் கொடுத்து, குழந்தையே கொடுத்ததாக ஊரைச் சொல்ல வைத்திருக்கிறான். கொடுக்கும்போதெல்லாம் அவன் முகத்தில் பார்த்த அந்தக் கனிவை அவள் எவ்வளவு நம்பினாள். தன் பொருளைத்தான் கொடுக்கலாம் என்ற சட்டத்துக்கு அவன் கண்டுபிடித்த ஓட்டையைப் பாருங்கள். வராதவருக்குச் சொத்து ஏது? வாண்டுவுக்கு இருந்த தயக்கம்கூட அவனுக்கு இல்லை. இந்த வீட்டில் அந்தப் பாப்பாவுக்காக வாதாடியது வாண்டு ஒருத்திதான்.

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு பெரியவருக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டிய கண்ணாடி. லென்ஸை ராவுகிற சக்கரத்தில் வைத்தவள், எங்கே நிறுத்துவது என்பதை மறந்துபோனாள். எடுத்துப் பார்த்தால் ஃப்ரேமுக்குள் லொடலொடவென்று ஆடியது. இத்தனை வருஷத்தில் அவள் கை ஒரு லென்ஸை இப்படிக் கெடுத்ததில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், இனி ஒட்ட வைக்க முடியாது.

முதலாளியம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. “உன் மூஞ்சியைப் பாத்தா அடுத்த லென்ஸ் தானா வெடிச்சுடும் போல இருக்கு. போ, போய்ச் சாப்பிட்டுட்டு வா,” என்றார்.

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தாள். அவன் இந்த வாரம் முழுக்க இரண்டு தெரு தள்ளி ஓர் ஆபீஸ் கட்டடத்தில் வேலை செய்கிறான் என்று தெரியும். அவன் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு நாளும் அவள் போனதில்லை. சாயங்காலம்வரை காத்திருந்தால் வாண்டு நடுவில் இருப்பாள். அவள் முன்னால் பேசக்கூடாதே என்று ஒரு வார்த்தை விழுங்குவாள், மறுநாள் ஒரு வார்த்தை விழுங்குவாள். விழுங்கி விழுங்கித்தான் இங்கே வந்து நிற்கிறது.

‘லிஃப்ட் வேலை நடக்கிறது’ என்று கீழே ஒரு பலகை. படியேறினாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே கூண்டு இல்லை. குறுக்கே ஒரு மஞ்சள் கம்பி. அதற்கு அந்தப் பக்கம் இருட்டும் எண்ணெய் வாசனையும், மேலே போய்க்கொண்டே இருக்கும் இரும்புக் கயிறுகளும். கொஞ்சம் கீழே நின்ற கூண்டின் கூரைமேல் அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் தலை அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. கையிலிருந்த டார்ச் வெளிச்சம் முதலில் அவள் செருப்பின்மேல் விழுந்து, பிறகு முகத்துக்கு வந்தது.

“நீ எங்க இங்க? வாண்டுவுக்கு ஏதாச்சும்…”

“அவ ஸ்கூல்ல இருக்கா.”

“பின்ன என்ன? சாப்பாடா? நான்தான் எடுத்துட்டு வந்தேனே.”

“விளக்கை இறக்குங்க. கண்ணு கூசுது.”

இறக்கினான். மேலே மெஷின் அறையிலிருந்து அவன் கூட்டாளியின் குரல் கேட்டது. “என்ன தல, ஓட்டலாமா?”

“இரு இரு. நான் சொல்றவரைக்கும் ஒண்ணையும் தொடாத,” என்று மேலே பார்த்துக் கத்தினான். பிறகு அவளைப் பார்த்தான். கண்ணுக்கு வெளிச்சம் பழக, அவன் முகம் மெல்லத் தெரிந்தது. என்ன விஷயம் என்று கேட்கிற முகமாக இல்லை அது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று.

“சொல்லிட்டாளா?” என்றான்.

“சொல்லிட்டா. நீங்க சொல்ல வேண்டியதை.”

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.” துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தான். “சாயங்காலம் வீட்டுல பேசிக்கலாமே. இங்க பேசினா பத்து மாடிக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“இங்க பாரு, அந்தக் குழந்தை அட்டைப் பெட்டியில…”

“அந்தக் குழந்தையை நடுவுல கொண்டு வராதீங்க. வாண்டுவையும் கொண்டு வராதீங்க. அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும். நான் உங்களைப் பாக்க வந்திருக்கேன்.”

அவன் துணியைத் தோளில் போட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. “ஒண்ணு சொல்லவா? நீ கேட்டதே இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது, எனக்கு இது வேணும்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கியா?”

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு வலித்தது. அவள் மஞ்சள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் முகம் தெரிகிற அளவுக்குக் குனிந்தாள்.

“எனக்கு இன்னொரு குழந்தை வேணும்,” என்றாள்.

குரல் சுவரில் பட்டு, இரும்புக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் மாடி மாடியாக ஏறிப் போயிற்று. எந்த மாடியிலோ, லிஃப்ட் ஓடாது என்று தெரியாத யாரோ ஒருவர் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். அவன் காலடியில், கூண்டின் கூரைமேல் இருந்த பெட்டியில், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கூண்டு அசையாமல் நின்றது.